பாகம் பிரியாத தோட்டம்

அப்பா கேப்டவுனுக்கு வந்து பத்து நாளாகியும் எதையும் பாராட்டவில்லை. மேஜை மலையைக் காட்டினேன். "உச்சி எங்கே?" என்றார். நன்னம்பிக்கை முனைக்கு அழைத்துப் போனேன். காற்றில் வேட்டி நிற்கவில்லை என்பதைத் தவிர அங்கிருந்து அவர் கொண்டுவந்த செய்தி எதுவும் இல்லை. பதினோராம் நாள் காலை, காபியை ஆற்றிக்கொண்டே, "இந்த ஊரில் திராட்சைதான் பிழைப்பு என்றாயே, ஒரு கொடியைக்கூடக் கண்ணில் காட்டவில்லையே?" என்று கேட்டார். வயது எழுபத்து நான்கு. அதில் ஐம்பத்தைந்து வருடம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றவர். கழுத்து இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்துதான் இருக்கும்.

நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் 'ஒயின்ஷாப்' என்றால் பிராந்திக் கடை. அந்தச் சொல்லுக்கு முன்னால் வீட்டுப் பெண்களின் முகம் மாறும். ஒயின் பண்ணைக்குப் போகலாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பழம் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிற எனக்கு வாரத்தில் மூன்று நாள் திராட்சைப் பெட்டிகளின் கணக்கோடுதான் போகிறது. ஆனாலும் அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில், "பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது. 1756-இல் வாங்கிய குடும்பமே இன்னும் வைத்திருக்கிறது" என்றேன். அந்த ஆண்டைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

தோட்டத்தின் பெயர் மீர்லஸ்ட். கேப்டவுனிலிருந்து கிழக்கே நெடுஞ்சாலையில் போய், ஸ்டெல்லன்போஷ் திசையில் திரும்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஃபால்ஸ் பே என்னும் விரிகுடா அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று கிளம்பி, மணல்மேடுகளைத் தாண்டி, திராட்சை வரிசைகளுக்குள் நுழையும். பெயருக்குப் பொருளே கடல் மேல் உள்ள பிரியம் என்பதுதான். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஹெனிங் ஹூசிங் என்பவருக்கு 1693-இல் இந்த நிலம் மானியமாகக் கிடைத்தது. அவர் வைத்த பெயர் அது.

நாங்கள் போனது பிப்ரவரி. அறுவடைக் காலம். வண்டியிலிருந்து இறங்கியதும் வெள்ளை வெளேரென்ற பழைய மாளிகை, அதன் வளைந்த முகப்பு, புறாக்கூண்டு எல்லாவற்றையும் நான் காட்ட, அப்பா எதையும் பார்க்காமல் வரிசை ஓரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு கொடியின் அடித்தண்டைத் தடவினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முண்டு போலப் புடைத்திருந்தது. "ஒட்டு" என்றார் திருப்தியாக. ஆமாம். 1886-இல் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் கேப்டவுனைச் சுற்றியுள்ள இந்தக் கேப் பகுதிக்கு வந்து தோட்டம் தோட்டமாகக் கொடிகளைக் கொன்றது. அதற்குப் பிறகு அமெரிக்க வேர்த்தண்டின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். முந்நூறு வருடத் தோட்டம் என்று நாம் சொல்கிறோம். கொடிக்கு அந்த வயது இல்லை. வேரே வேறு நாட்டுடையது.

"பந்தல் இல்லையா?" என்றார். இல்லை. இடுப்பு உயரத்தில் கம்பி இழுத்து, வேலி மாதிரி வரிசையாக ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பறிப்பவர்கள் குனிந்து பறிக்கிறார்கள். "நமக்குக் கழுத்து போகிறது, இவர்களுக்கு முதுகு போகிறது" என்றார். கவாத்து வருடத்துக்கு ஒருமுறைதான், அதுவும் குளிர்காலத்தில் கொடி உறங்கும்போது என்று சொன்னேன். கம்பத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது. ஒரு கவாத்தில் ஒரு வெள்ளாமை என்று அடுத்தடுத்து ஓட்டிக்கொண்டே இருப்போம். ஒரு வருடம் முழுக்க ஒரே அறுவடைக்காகக் காத்திருக்கும் பொறுமையை அவரால் நம்ப முடியவில்லை. "கையில் காசு இருக்கிறவன் செய்கிற விவசாயம்" என்றார். தவறாகச் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்த ஒருவர் அனுமதி தந்ததும் ஒரு கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து அப்பாவிடம் கொடுத்தேன். காபர்னே சாவிஞ்யோன். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வாயில் போட்டு மென்றார். தோலை நாக்கால் ஒதுக்கி, விதைகளை உள்ளங்கையில் துப்பி, ஒரு விதையை முன்பல்லால் கடித்துப் பார்த்தார். 'டக்' என்று உடைந்தது. பழுப்பு நிறம். "முற்றிவிட்டது. இன்று நாளை வெட்டலாம். ஆனால் இதில் சதை எங்கே? தோலும் விதையும்தான் இருக்கிறது. இதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள்." ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன, சதை குறைவாக இருந்தால்தான் அவர்களுக்கு லாபம் என்று விளக்கினேன். நாம் குப்பையில் தள்ளுவதற்குத்தான் இங்கே விலை என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டிலிருந்தே அதை மனதில் வைத்திருந்திருக்க வேண்டும்.

"எட்டுத் தலைமுறை. பாகமே பிரிக்கவில்லையா?"

எங்கள் தோட்டம் 1987-இல் பாகம் பிரிந்தது. தாத்தா வைத்துவிட்டுப் போனது ஒன்பது ஏக்கர். அண்ணன் தம்பி நான்கு பேர். நிலத்தைச் சங்கிலி வைத்து அளந்தார்கள். கிணற்றை அளக்க முடியாது. ஆகவே வாரத்தின் ஏழு நாளை நான்காகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றே முக்கால் நாள் தண்ணீர் முறை என்று எழுதினார்கள். அந்த முக்கால் நாள் எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பதில் வந்த சண்டை என் சிறுவயது முழுக்க ஓடியது. இன்று பெரியப்பாவின் பாகத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறது. சித்தப்பா ஒருவர் வாழைக்கு மாறிவிட்டார். பன்னீர்ப் பந்தல் மிஞ்சியிருப்பது அப்பாவிடம் மட்டும்தான், அதுவும் இரண்டேகால் ஏக்கர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பாவுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். "குறியீடு இருக்கட்டும், கிலோவுக்கு எவ்வளவு கூடும்?" என்றார்.

ஆகவே அவருடைய கேள்வி சும்மா வந்த கேள்வி இல்லை. எனக்கும் பதில் வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பிரபுக்கள் வழக்கப்படி மூத்த மகனுக்கே எல்லாம் என்று வைத்திருப்பார்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. டச்சுக்காரர்கள் கேப்புக்குக் கொண்டுவந்த சட்டத்தில் கணவன் மனைவி சொத்து பொதுவானது. ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. இது 1700-களில்! அங்கே பெரிய தோட்டங்கள் பலவும் விதவைகளின் கை வழியாகத்தான் கைமாறின. தோட்டத்தோடு இருக்கும் விதவையை மணப்பது நிலம் சேர்ப்பதற்கு ஒரு நல்ல வழியாக இருந்திருக்கிறது.

"மகளுக்கும் சமபங்கா?" என்று அப்பா இரண்டுமுறை கேட்டார்.

அப்படியானால் நிலம் எப்படித் துண்டாகவில்லை? துண்டாகிய தோட்டங்கள் ஏராளம். அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போவதில்லை, அவ்வளவுதான். பிரியாமல் நின்ற இடங்களில் பொதுவாக நடந்தது இதுதான்: இறந்தவரின் சொத்தை மதிப்புப் போடுவார்கள், பிள்ளைகளில் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுப்பார். கையில் இல்லாவிட்டால் கடனாக எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு தலைமுறையும் தன் சொந்தத் தோட்டத்தை அண்ணன் தம்பிகளிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் புதிதாக விலைக்கு வாங்கவேண்டும். பரம்பரைச் சொத்து என்று நாம் சொல்வது உண்மையில் தலைமுறைக்கு ஒருமுறை நடந்த விற்பனை. இந்தக் காலத்தில் அந்தத் தலைவலி வேண்டாம் என்று பல குடும்பங்கள் நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் எழுதிவிடுகின்றன.

கடனை அடைக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கேப் குடியேறிகள் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியல்கள் இன்றும் கேப்டவுன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சில் வந்த சிலவற்றை வாசித்திருக்கிறேன். அறை அறையாக எழுதுவார்கள். முன்னறையில் மேஜை, நாற்காலி. அடுப்படியில் செம்புப் பாத்திரம். பாதாள அறையில் இத்தனை பீப்பாய். கொட்டகையில் மாடு, கலப்பை. பிறகு பெயர்கள் வரும். இன்ன பெயர், இன்ன ஊர், இவ்வளவு மதிப்பு. மனிதர்கள். பாகப்பிரிவினைப் பட்டியலில் அவர்கள் பங்குதாரர்களாக இல்லை. பங்காக இருந்தார்கள்.

1652-க்கும் 1808-க்கும் இடையில் சுமார் 63,000 பேரைக் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள். வங்காளம், மலபார், பிறகு நம் சோழமண்டலக் கரை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது, 1658-இலிருந்து நாகப்பட்டினமும் அவர்கள் கையில். பஞ்ச காலத்தில் தஞ்சைப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். கேப்பில் அவர்களுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஒரு ஊர்ப்பெயரும் போட்டார்கள். 'கரையைச் சேர்ந்த' என்று டச்சில் வரும். எந்தக் கரை என்று கேட்கவேண்டியதில்லை, நம் கரைதான். அந்தப் பெயர்களுக்கு உள்ளே ஒரு முருகனோ வள்ளியோ இருந்திருப்பார்கள். அதைத் தோண்டி எடுக்க எந்தப் பட்டியலும் உதவாது.

ஸ்டெல்லன்போஷுக்குத் தன் பெயரை வைத்த ஆளுநர் சைமன் ஃபான் டர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி இந்தியக் கடற்கரையைச் சேர்ந்த மோனிகா என்ற பெண். சைமன் நிறுவிய கான்ஸ்டான்ஷியா தோட்டத்தின் முக்கியமான பகுதியை, அவர் இறந்து சில வருடம் கழித்து, 1716-இல் ஓலஃப் பெர்க் என்ற ஸ்வீடன்காரப் படைத்தலைவர் வாங்கினார். அவருடைய மனைவி அன்னா டி கோனிங், வங்காளத்திலிருந்து அடிமையாக வந்த ஆன்சலாவின் மகள். பிறந்தபோது அவரும் அடிமை. 1724-இல் கணவர் இறந்ததும் தென்னாப்பிரிக்காவின் மிகப் பெயர்பெற்ற ஒயின் தோட்டத்துக்கு அவரே எஜமானி. இதைக் கேட்டு மனம் மகிழ்ந்துவிடாதீர்கள். அவருக்குக் கீழும் அடிமைகள் இருந்தார்கள்.

ஹூசிங்கின் கதையும் இந்த ஜாதிதான். பட்டணத்துக்கு இறைச்சி வழங்கும் ஒப்பந்தத்தில் பணம் பார்த்தவர். சைமனின் மகன் வில்லெம் ஆட்ரியான் ஆளுநராக வந்து, ஒப்பந்தத்தில் கைவைத்து, தானே பெரிய பண்ணையாராகிக் குடியானவர்களின் வியாபாரத்தைக் கெடுத்தபோது, ஹூசிங்கும் அவருடைய உறவினர் ஆடம் டாஸும் முன்னின்று 1706-இல் புகார் மனு எழுதினார்கள். அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆடம் டாஸ் சிறைக்குப் போனார், ஹூசிங்கை ஹாலந்துக்குக் கப்பலேற்றினார்கள். முடிவில் 1707-இல் ஆளுநரின் பதவி போனது. இந்த நாட்டுப் பள்ளிப் புத்தகங்கள் இதைச் சுதந்திர வேட்கையின் தொடக்கம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்கென்னவோ இரண்டு மிராசுதார்களின் வாய்க்கால் தகராறு மாதிரித்தான் படுகிறது.

மீர்லஸ்டின் அக்கம்பக்கத்தில் 1694-இல் தொடங்கிய இன்னொரு கதை இருக்கிறது. ஹூசிங்குக்கு நிலம் கிடைத்த மறு வருடம், இந்தோனேசியாவின் மக்காசரைச் சேர்ந்த ஷேக் யூசுப் என்ற சூஃபி அறிஞரைக் கம்பெனி இலங்கையிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்து, ஈர்ஸ்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஒரு பண்ணையில் குடிவைத்தது. பத்து வருடம் இலங்கையில் கைதியாக இருந்தவர். ஓடிவந்த அடிமைகள் அவரிடம் அடைக்கலம் தேடினார்கள். அதே ஆற்றின் தண்ணீர்தான் மேலே திராட்சைக்கும் பாய்ந்தது. அவருடைய தர்காவுக்கு இன்றும் சனங்கள் போகிறார்கள். நாங்களும் திரும்பும் வழியில் போனோம். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நின்று கும்பிட்டார்.

1834 டிசம்பர் 1 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் மேலும் நான்கு வருடம் அதே எஜமானிடம் அதே வேலை. பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்கள் எங்கே போவார்கள்? பெரும்பாலோர் அந்தத் தோட்டங்களிலேயே கூலிக்கு நின்றார்கள். கூலியில் ஒரு பகுதி ஒயினாகவே வந்தது. 'டொப்' என்று பெயர். காலையில் ஒரு தகரக் குவளை, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, அப்படியே அந்தி வரைக்கும். விற்க லாயக்கில்லாத ஒயினைக் கூலியாகக் கழிப்பது முதலாளிக்குச் சிக்கனம். குடிக்குப் பழகியவன் வேறு தோட்டத்துக்கு ஓடமாட்டான் என்பது அதைவிடச் சிக்கனம். 1960-களில் சட்டம் இதைத் தடை செய்தது. 1990-கள் வரை ஆங்காங்கே நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த மாகாணமும் ஒன்று. என் அலுவலகத்தில் வாயில் காவலராக இருப்பவரின் தந்தை அந்தக் குவளையோடு வளர்ந்தவர். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் ஒயின் குடிப்பதில்லை.

இவ்வளவையும் ஒரே மூச்சில் அப்பாவிடம் சொல்லவில்லை. வரிசைகளின் ஊடே நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவர் இடையிடையே இலையைத் திருப்பிச் சாம்பல் நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

மீர்லஸ்டில் உண்மையான மாற்றம் தொடங்கியது, 1756-இல் அதை வாங்கிய மேபர்க் குடும்பத்தின் ஏழாம் தலைமுறையில், நிக்கோலாஸ் மேபர்க் காலத்தில். 1950-களில் அவர் கைக்கு வந்தபோது மாளிகையும் தோட்டமும் இளைத்திருந்தன. பழுதுபார்த்தார், அணை கட்டினார், கொடிகளைப் புதிதாக நட்டார். அதுவரை ஒயின் பெரும்பாலும் மொத்த வியாபாரிகளுக்குத்தான் போனது. கம்பத்துப் பழம் கமிஷன் மண்டிக்குப் போவது போலத்தான். யார் தோட்டத்துச் சரக்கு என்று குடிப்பவனுக்குத் தெரியாது. 1970-களின் நடுவில் சொந்தப் பெயரில் புட்டி வெளிவந்தது. அவர் பிரான்சின் போர்தோவுக்குப் போய்ப் பார்த்து, அங்கேயும் கடற்காற்று, இங்கேயும் கடற்காற்று, அங்கே ஒரே திராட்சையை நம்பாமல் காபர்னேயோடு மெர்லோவையும் காபர்னே ஃபிராங்க்கையும் கலக்கிறார்கள், நாமும் கலந்தால் என்ன என்று யோசித்தார். 1978-இல் இத்தாலியின் ஃப்ரியூலியிலிருந்து வந்த ஜார்ஜோ டல்லா சியா ஒயின் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். இருவருமாகச் செய்த கலவையின் முதல் ஆண்டு 1980. பெயர் ரூபிகான். சீசர் படையோடு தாண்டிய ஆறு. தாண்டினால் திரும்ப முடியாது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1985 ஆகஸ்ட் 15 அன்று டர்பன் நகர மண்டபத்தில், நம் தமிழர்கள் இவ்வளவு பேர் வாழும் அந்த ஊரில், அதிபர் பி. டபிள்யூ. போத்தா உரையாற்றினார். இன ஒதுக்கல் தளரப்போகிறது, மண்டேலாவின் விடுதலையைக்கூட அறிவிப்பார் என்று உலகமே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. இன்று ரூபிகானைத் தாண்டுகிறோம் என்று சொன்னார். தாண்டவில்லை. விரலை ஆட்டி மிரட்டிவிட்டு இறங்கினார். ரேண்டின் மதிப்பு சரிந்தது, வெளிநாட்டு வங்கிகள் கடனைத் திரும்பக் கேட்டன, அடுத்த மாதத் தொடக்கத்தில் நாடு கடன் தவணைகளை நிறுத்தி வைத்தது. 'ரூபிகான் உரை' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அதே 1985-இல் மீர்லஸ்ட் ரூபிகானை வெளியிடவில்லை. அந்த வருடச் சரக்கு தரத்துக்கு எட்டவில்லை என்று, 'மீர்லஸ்ட் ரெட்' என்ற சாதாரணப் பெயரில் விற்றுவிட்டார்கள். 1990, 2002, 2011 ஆண்டுகளுக்கும் இதே கதி. அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் அதிபரைவிட ஒரு திராட்சைக்காரர் அந்தச் சொல்லை மரியாதையாகக் கையாண்டார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி.

நிக்கோலாஸ் 1988-இல் இறந்தார். மகன் ஹன்னஸ் பொறுப்பேற்றார், எட்டாம் தலைமுறை. அடுத்து வந்த பத்து வருடத்தில் அதற்கு முந்தைய நூறு வருடத்தைவிட அதிகம் மாறியது. யார் எங்கே எவ்வளவு திராட்சை நடலாம் என்று கட்டுப்படுத்திய ஒதுக்கீட்டு முறை 1992-இல் போனது. 1994-இல் தேர்தல். பொருளாதாரத் தடைகள் விலகின. சில கோடி லிட்டராக இருந்த ஏற்றுமதி 2013-இல் 50 கோடி லிட்டரைத் தாண்டியது. தயாரிப்பாளர்களும் மாறினார்கள். டல்லா சியா இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டுப் போனார். 2004-இல் கிறிஸ் வில்லியம்ஸ் வந்தார், 2020-இல் விம் ட்ரூட்டர். "சமையல்காரரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அடுப்பு மட்டும் அதே அடுப்பு" என்றார் அப்பா.

தொழிலாளர்களைப் பற்றிய மாற்றம் மெல்லத்தான் வந்தது. பண்ணையிலேயே குடியிருப்பவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி 1997-இல் சட்டம் வந்தது. அதன் விளைவாகப் பல தோட்டங்கள் குடியிருப்பே கொடுக்காமல் ஒப்பந்தக் கூலிக்கு மாறின. நல்ல சட்டத்துக்கும் ஒரு பின்வாசல் உண்டு. 2012 நவம்பரில் டீ டூர்ன்ஸில், நான் கணக்கெழுதும் சாப்பாட்டுத் திராட்சை விளையும் பள்ளத்தாக்கில், தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். நாள் கூலி 69 ரேண்ட். 150 கேட்டார்கள். 2013 மார்ச்சில் 105 ஆனது. மீர்லஸ்ட் நிலத்திலேயே கொம்பனிஸ்ட்ரிஃப்ட் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. பல தோட்டங்களின் புட்டிகளைக் குளிர்ச்சியில் பாதுகாப்பது, லேபிள் ஒட்டி அனுப்புவது அதன் வேலை. அதில் பண்ணைத் தொழிலாளர்கள் பங்குதாரர்கள். நிலத்தில் பங்கில்லை, நிலத்தின் மேல் நிற்கும் தொழிலில் பங்கு. இதை அப்பாவிடம் விளக்கியபோது, "குத்தகைக்கும் கிரயத்துக்கும் நடுவில் ஒன்று" என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகவும் பட்டது, சின்ன விஷயமாகவும் பட்டது. 2017-இல் அரசு எடுத்த நிலக் கணக்கெடுப்பில், தனிநபர்கள் பெயரில் உள்ள விவசாய நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையர்களிடம் இருந்தது. அந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்தால் ஒரு கிடங்கு என்ன பெரிய கிடங்கு. வைக்காவிட்டால், முந்நூறு வருடத்தில் பட்டியலின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்த முதல் அடிகளில் அதுவும் ஒன்று.

தோட்டத்தைக் குடும்பத்தின் கையிலேயே வைத்திருக்கும் பாக்கியம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. அருகிலுள்ள வெர்கனூக்டில் ஃபோர் குடும்பம் 1820-இலிருந்து ஆறு தலைமுறை இருந்தது. 2015-இல் ஒரு ஜெர்மன் தொழிலதிபருக்கு விற்றார்கள். மேலே கான்ஸ்டான்ஷியாவில் ஜூஸ்ட் குடும்பம் 1980-இல் வாங்கி உயிர்கொடுத்த க்ளைன் கான்ஸ்டான்ஷியா 2011-இல் கைமாறியது. ஒயின் விற்று மாளிகைக் கூரையை வேய்வது எளிதல்ல. 2020-இல் ஊரடங்கின்போது மது விற்பனையையே அரசு தடை செய்தது, ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. சில வாரம் ஏற்றுமதியும் நின்றது. அப்போது அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒயின் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

வெர்கனூக்டுக்கும் அப்பாவை அழைத்துப் போனேன், வாத்துக்காக. அங்கே நூற்றுக்கணக்கான வாத்துகள் காலையில் அணிவகுத்துத் திராட்சை வரிசைகளுக்குப் போய் நத்தைகளைத் தின்றுவிட்டு வருகின்றன. நிமிர்ந்து நின்று ஓடும் இனம். மருந்தடிக்க வேண்டிய வேலை மிச்சம். சுற்றிலும் ஆட்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் சிரிக்காமல் பார்த்தார். "அறுத்த வயலில் நம் ஊரில் மேய்ப்பதுதானே. இதற்கு டிக்கெட்டா?" என்றார். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லோரிடமும் சொன்னது அந்த வாத்துகளைப் பற்றித்தான் என்று அம்மா சொன்னாள்.

மீர்லஸ்டில் சுவைக்கும் அறையில் நான் ரூபிகான் ஒரு கோப்பை வாங்கினேன். அப்பாவுக்குத் தண்ணீர். அப்பா முன்னால் குடிப்பது அதுதான் முதல்முறை. கை கூசியது. அவர் கோப்பையை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். "புளித்த வாடை இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்று கேட்கச் சொன்னார். நன்றாகப் பாதுகாத்தால் இருபது வருடம் என்று பதில் வந்தது. பறித்த மூன்றாம் நாள் வாடிப்போகும் பழத்தோடு ஐம்பத்தைந்து வருடம் மல்லாடியவர் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் கேப்டவுனில் சர்ச் ஸ்கொயருக்குப் போனோம். கம்பெனியின் அடிமைகளை அடைத்துவைத்த பழைய கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. சதுக்கத்தில் கருங்கல் பாளங்கள் பதினொன்றை 2008-இல் வைத்திருக்கிறார்கள், உட்காரும் உயரத்தில். அவற்றின் மேல் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். கேப்பில் அடிமைகளுக்கு மாதங்களின் பெயரையும் வைத்தார்கள், என் அலுவலகத்திலேயே செப்டம்பர் என்ற குடும்பப் பெயருள்ளவர் இருக்கிறார் என்றேன். "எந்த மாதம் வாங்கினார்களோ அந்த மாதமா?" என்றார். எழுத்துகளின் பள்ளத்தில் முந்தைய நாள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பா ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, பள்ளத்தின் வழியே தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் மடை திறந்துவிடுகிற மாதிரி.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பாகம் பிரித்த அன்று, உன் அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாளா, கைநாட்டு வைத்தாளா?"

எனக்கு அப்போது ஏழு வயது. அத்தைக்கு எழுதத் தெரியும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அடுத்த கல்லுக்குப் போனோம்.